கிரான்பெர்ரி களாக்காய் அன்று

மொழியியல் படித்தவர்களுக்குக் கிரான்பெர்ரி அறிமுகமாவது பழக்கடையில் அன்று, உருபனியல் வகுப்பில். 'பிளாக்பெர்ரி' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் கருமையைக் குறிக்கும் சொல் ஒன்றும் 'பெர்ரி'யும் கிடைக்கும். 'கிரான்பெர்ரி'யைப் பிரித்தால் 'பெர்ரி' மட்டுமே பொருளோடு நிற்கும். 'கிரான்' என்பதற்கு ஆங்கிலம் பேசுவோர் மனத்தில் தனிப்பொருள் இல்லை. இப்படி ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் உருபனுக்குக் 'கிரான்பெர்ரி உருபன்' என்றே துறையில் பெயர் வழங்குகிறது. புளூம்ஃபீல்டு 1933-இல் வெளியிட்ட 'மொழி' என்னும் நூலிலேயே இந்த எடுத்துக்காட்டு இடம்பெற்றுவிட்டது. தமிழில் 'மருமகன்', 'மருமகள்' என்பவற்றில் உள்ள 'மரு'வை இதற்கு ஒப்பாக எங்கள் ஆசிரியர் காட்டுவார். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கிய எவரும் அந்தப் பழத்தைக் கண்டதில்லை. நானும் கண்டதில்லை.

பின்னர் ஆய்வு நல்கை ஒன்றில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நான்கு மாதங்கள் தங்கியபோது அதைக் கண்டேன், சமைத்தேன், மாவில் இட்டுச் சுட்டேன். ஐதராபாத்துக்குத் திரும்பி வந்த பிறகு, அந்தப் பழத்தின் பெயர் இங்கே செய்துகொண்டிருக்கும் குழப்பத்தையும் கண்டேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் சொல்ல வருவது ஒன்றே: கிரான்பெர்ரிக்குப் பதிலாகக் களாக்காயை அடுப்பில் ஏற்றலாம், ஆனால் கிரான்பெர்ரி என்றால் களாக்காய் என்று எழுதக்கூடாது. முன்னது சமையல். பின்னது பிழை, அதுவும் தீங்கு விளைவிக்கக்கூடிய பிழை.

முதலில் பழத்தைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே கடைகளில் 12 அவுன்சுப் பைகளாக, அதாவது ஏறத்தாழ 340 கிராம் அளவில், புதிய கிரான்பெர்ரிகள் குவிந்து கிடக்கும். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, அந்த ஆண்டு விருந்தில் கிரான்பெர்ரிக் கூட்டு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன அளவு எளிமையானது. ஒரு கோப்பைத் தண்ணீர், ஒரு கோப்பைச் சர்க்கரை, ஒரு பை பழம். சர்க்கரைத் தண்ணீர் கொதித்ததும் பழத்தைக் கொட்டிப் பத்து நிமிடம் மிதமான தீயில் வைக்க வேண்டும்.

கொட்டிய சில நிமிடங்களில் கடுகு பொரிவதைப் போலப் பழங்கள் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. ஒவ்வொரு பழத்துக்குள்ளும் நான்கு காற்றறைகள் இருக்கின்றன. அவற்றால்தான் அது நீரில் மிதக்கிறது. தரையில் போட்டால் துள்ளுகிறது. அறுவடையின்போது வயலில் நீரைப் பாய்ச்சிக் கொடிகளைக் கலக்கி, மிதந்து வரும் பழத்தை வளைத்து அள்ளுவதும், துள்ளாத பழத்தைச் சொத்தை எனக் கழிப்பதும் இதனால்தான். அடுப்பிலிருந்து இறக்கியபோது நீர்த்திருந்த குழம்பு, ஆறியதும் கத்தியால் வெட்டலாம் என்னும் அளவுக்கு உறைந்துவிட்டது. ஜெலட்டின் எதுவும் சேர்க்கவில்லை. பழத்தில் இயல்பாகவே உள்ள பெக்டினும் புளிப்பும் சர்க்கரையோடு சேர்ந்து செய்யும் வேலை அது.

மறுநாள் மிஞ்சிய பழத்தை ஆரஞ்சுத் தோல் துருவலோடும் அக்ரூட் பருப்போடும் மாவில் கலந்து ரொட்டியாகச் சுட்டோம். பழத்தை முழுதாக இட்டால் மாவுக்குள்ளேயே வெடித்து ஈரக் குழிகள் விழும். ஆகவே இரண்டாக நறுக்க வேண்டும் என்பதை முதல் ரொட்டியைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். பச்சையாகத் தின்ன முடியாத துவர்ப்பும் புளிப்பும் கொண்ட இந்தப் பழம், இனிப்பான மாவுக்குள் சென்றதும் தன் வேலையைச் செய்தது. நம் ஊர்ச் சோற்றுக்கு ஊறுகாய் எதுவோ, கொழுப்பும் மாவும் மிகுந்த அந்த விருந்துக்கு இது அது.

இந்தப் பழத்துக்கும் பெயரால் நேர்ந்த கதை ஒன்று உண்டு. அப்பகுதியின் தொல்குடியினர் ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பே இதைப் பறித்து உண்டவர்கள். ரோஜர் வில்லியம்ஸ் 1643-இல் வெளியிட்ட நூலில் நாரகான்செட் மொழியில் இதற்கு வழங்கிய பெயரைக் குறித்திருக்கிறார். 'சாசெமினேஷ்' என்பது போல ஒலிக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் நிலைத்ததோ, கொக்கைக் குறிக்கும் தாழ் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர். வளைந்து தொங்கும் பூ, கொக்கின் தலையையும் அலகையும் ஒத்திருப்பதால் இப்பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். 1816-இல் கேப் காட் பகுதியின் டென்னிஸ் ஊரில் ஹென்றி ஹால் என்பவர், மணல் மூடிய கொடிகள் செழித்து வளர்வதைக் கவனித்துப் பயிரிடத் தொடங்கினார். பழம் வணிகப் பயிரானது. 1960களில் ஆப்பிள் சாறு கலந்த கிரான்பெர்ரிப் பானத்துக்குக் 'கிரான்ஆப்பிள்' என்று பெயரிட்டு விற்றார்கள். பாடநூலில் அடைபட்டுக் கிடந்த 'கிரான்', புட்டியின் மேல் வெளியேறித் தனிப்பொருள் பெற்றது. இன்று அது கிரான்பெர்ரி உருபனா என்பதே வகுப்பில் விவாதத்துக்குரிய கேள்வி.

தொல்குடிச் சொல் என்னவாயிற்று? மார்த்தாஸ் வின்யார்டு தீவில் வாழும் அக்கின்னா வாம்பனோவாக் மக்களுக்கு இன்றும் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கிரான்பெர்ரி நாள். அன்று குடும்பத்தோடு சென்று பழம் பறித்துக் கூடி உண்பார்கள். அவர்களுடைய மொழி நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசுவோர் இன்றிக் கிடந்தது. 1993 முதல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்டு என்ற வாம்பனோவாக் பெண், பின்னாளில் மொழியியலும் பயின்று, பழைய ஆவணங்களைக் கொண்டு அதை மீட்டெடுத்து வருகிறார். ஒரு பழம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதை முதலில் அறிந்தவர்கள் அதற்கு வைத்த பெயரை ஆவணங்களிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஐதராபாத்துக்கு வாருங்கள்.

இந்தியில் கிரான்பெர்ரிக்கு என்ன பெயர் என்று யாரிடம் கேட்டாலும், அகராதியில் தேடினாலும், இணையத்தில் தட்டிப் பார்த்தாலும், 'கரௌந்தா' என்ற விடை கிடைப்பதே வழக்கம். கரௌந்தா என்பது நம் களாக்காய். தெலுங்கில் 'வாக்காய'. இந்தியிலிருந்து இந்தச் சமன்பாடு பிற இந்திய மொழிகளின் சமையல் குறிப்புகளுக்கும் உடல்நலக் குறிப்புகளுக்கும் பரவிவிட்டது. சிவப்பு, சிறியது, புளிப்பு என்ற மூன்று ஒற்றுமைகளுக்கு மேல் இதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

எங்கள் விடுதியில் அடுத்த அறையில் இருந்த தோழிக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று அடிக்கடி வரும். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். கிரான்பெர்ரி நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டார். அதன் இந்தியப் பெயரைத் தேடினார். கரௌந்தா என்று கண்டார். மலிவாகக் கிடைத்த கரௌந்தாச் சர்பத்தை வாங்கி மூன்று வாரம் நாள் தவறாமல் குடித்தார். இம்முறை தொற்று வந்தபோது, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டு அளவைக் கூட்டினார். காய்ச்சலும் முதுகு வலியும் வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. நான்கு நாள் படுக்கையில் இருந்தார். ஓர் ஆய்வரங்கக் கட்டுரை போயிற்று. நல்லவேளையாக வேறெதுவும் போகவில்லை.

இதில் இரண்டு பிழைகள் உள்ளன. கிரான்பெர்ரி தடுப்புக்கு ஓரளவு உதவக்கூடும். வந்துவிட்ட தொற்றுக்கு அது மருந்தாகாது. இது முதற்பிழை, அமெரிக்காவிலும் நடக்கும் பிழை. 2020-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அடிக்கடி தொற்று வரும் நலமுள்ள பெண்களைப் பொறுத்தவரை சில கிரான்பெர்ரிப் பொருள்கள் அதன் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று, சான்றின் எல்லையையும் சேர்த்துச் சொன்னால், விளம்பரப்படுத்திக்கொள்ள இடமளித்தது. 2023-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும் குறிப்பிட்ட சில பிரிவினருக்குத் தடுப்புப் பயன் உண்டு என்றது. இரண்டாம் பிழை நம்முடையது. அந்த ஆய்வுகள் யாவும் கிரான்பெர்ரியைப் பற்றியவை. களாக்காயைப் பற்றி அவை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு செடியின் மீது நடந்த ஆய்வின் முடிவை, மொழிபெயர்ப்பு இன்னொரு செடியின் கழுத்தில் மாட்டிவிட்டது.

தாவரவியலில் இவ்விரண்டும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதைப் பார்ப்போம். கிரான்பெர்ரி, வாக்சினியம் மேக்ரோகார்ப்பான். குளிர்ந்த சதுப்பு நிலத்தில் தரையோடு படரும் கொடி. அதற்கு இந்தியாவில் உறவினர் வேண்டுமென்றால் நீலகிரிச் சோலைக்காடுகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே வாக்சினியம் பேரினத்தைச் சேர்ந்த மரங்களும், அதே குடும்பத்தைச் சேர்ந்த காட்டுப்பூவரசும் இருக்கின்றன. களாவோ, கேரிசா கரண்டாஸ். வெயிலையும் வறட்சியையும் தாங்கும் முட்புதர். கிள்ளினால் பால் வடியும். அரளியும் நந்தியாவட்டையும் அதன் குடும்பத்தார். அரளிக் குடும்பத்துப் பழத்தைக் கிரான்பெர்ரி என்று சொல்கிறோம் என்றால் எவ்வளவு துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்.

களாவுக்கு நேர்ந்த அநீதி இதோடு முடியவில்லை. டிசம்பர் மாதத்தில் நம் பேக்கரிகளில் கேக்கின் மேல் பளபளக்கும் சிவப்புச் 'செர்ரி'யை எல்லாரும் அறிவோம். இந்தியாவில் அந்தச் செர்ரியில் பெரும்பகுதி செர்ரியே அன்று. கொட்டை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றிய களாக்காய். 'டூட்டி ஃப்ரூட்டி' என்ற பெயரில் பப்பாளிக்காய் செய்யும் அதே வேலை. ஆக, கிறிஸ்துமஸ் கேக்கில் களாக்காய் செர்ரி என்ற பெயரில் வருகிறது. சர்பத்துப் புட்டியில் கிரான்பெர்ரியின் புகழைச் சுமந்து வருகிறது. தன் பெயரில் மட்டும் வருவதில்லை. இத்தனைக்கும் சேர மன்னன் ஒருவனின் பெயரிலேயே நின்ற காய் இது. களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவன். களங்காயால் கட்டிய கண்ணியைச் சூடியவன் என்பதே அவன் பெயருக்குப் பொருள். இன்றைய நகரத்து மாணவரிடம் களாக்காயைக் கையில் கொடுத்தால், இது என்ன காய் என்று கேட்கிறார். கேக்கில் வைத்துக் கொடுத்தால், செர்ரி என்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழுந்தும் இருக்கிறது, துறைத் தோழர் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். அறியாத பொருளை அறிந்த பொருளின் பெயரால் சுட்டுவது மொழியின் இயல்பு அல்லவா? 'கிரான்பெர்ரி' என்று ஒலிபெயர்த்து எழுதினால் யாருக்கு என்ன புரியும்? களாக்காய் என்றால் ஒரு சுவையாவது நாக்கில் எழுமே?

நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ் இந்தச் சிக்கலை நெடுங்காலமாக நேர்மையாகவே தீர்த்து வந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த செடி உள்ளூர்ச் செடியை ஒத்திருந்தால், நம் முன்னோர் 'சீமை' என்று ஓர் அடையைச் சேர்த்தார்கள். சீமைப்பலா, சீமைஅகத்தி, சீமைக்கருவேலம். அந்த அடை ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: இதைப் போன்றது, ஆனால் இது அன்று. சீமைக்கருவேலத்தைக் கருவேலம் என்று மட்டும் சொன்னால் எந்த உழவரும் சினம் கொள்வார். அம்மரபில் யாரேனும் 'சீமைக்களா' என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. இணையத்தில் வழங்கும் 'குருதிநெல்லி'யும் ஏற்கத்தக்கதே. அருநெல்லி என்று சொல்லிப் பழகிய நமக்கு, ஆங்கிலத்தில் 'பெர்ரி' செய்யும் வேலையைத் தமிழில் 'நெல்லி' செய்யும் என்பது எளிதில் விளங்கும். வெறும் நெல்லிக்காய் என்று எவரும் மயங்கமாட்டார். 'கிரான்பெர்ரி' என்றே எழுதினாலும் சரி. இவை மூன்றும் இன்னொரு செடியின் பெயரைப் பறிக்கவில்லை. அடையில்லாத 'களாக்காய்' பறிக்கிறது.

இது இப்போது எழுதவேண்டிய செய்தி என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 செப்டம்பரில் அமெரிக்காவோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி கிரான்பெர்ரிகளுக்கான இறக்குமதி வரியை இந்தியா குறைத்தது. புதியவை, உறைந்தவை, உலர்ந்தவை எல்லாம் அதில் அடக்கம். இனி அந்தப் பழம் நம் கடைகளுக்கு மிகுதியாக வரும். அதனோடு குறிப்புகளும் விளம்பரங்களும் வரும். மொழிபெயர்ப்பவர்கள் நம் மாணவர்களாகவே இருப்பார்கள். ஒரு சொல் தவறாக வேரூன்றிய பிறகு பிடுங்குவது கடினம்.

சமையலில் மாற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஐதராபாத்தில் மழைக்காலத்தில் வாக்காய வண்டிகளில் வரும். இங்குள்ளவர்கள் அதைப் பருப்போடு வேகவைப்பார்கள். புளிக்குப் பதிலாக இட்டுப் புளிஹோரா செய்வார்கள். கடந்த ஆகஸ்டில் அரைக் கிலோ வாங்கினேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் விரலில் ஒட்டிக்கொண்டு வராது. விதைகளைக் கீறி எடுக்க வேண்டும். கிரான்பெர்ரியில் இந்த வேலை எதுவும் இல்லை. விதை நீக்கிய காயை உப்பு நீரில் அலசி, மாசசூசெட்ஸ் மூதாட்டி சொன்ன அதே அளவில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து அடுப்பில் வைத்தேன். வெடிக்கவில்லை, அதற்குள் காற்றறை இல்லை. மெதுவாகக் குழைந்தது. ஆனால் ஆறியதும் அழகாக உறைந்தது, ஏனெனில் களாவிலும் பெக்டின் மிகுதி. புளிப்பு ஏறக்குறைய அதே அளவு. துவர்ப்புக் குறைவு, அடியில் இலேசான பிசின் மணம்.

அதில் ஒரு பகுதியை உறையவைத்து டிசம்பர் வரை காத்தேன், களாவுக்கு மழைக்காலம் பருவம், விருந்துக்கோ குளிர்காலம் என்பதால். கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம் ஆரஞ்சுத் தோல் துருவலோடு மாவில் கலந்து, துறையின் மின்னடுப்பில் ரொட்டியாகச் சுட்டேன். தட்டின் அருகில் ஒரு தாளில் 'களாக்காய் ரொட்டி' என்று எழுதி வைத்தேன். மருத்துவமனையிலிருந்து மீண்ட தோழி முதல் துண்டை எடுத்தார். தட்டு காலியானது. மாசசூசெட்ஸில் சுட்ட ரொட்டியைப் போல இருந்ததா என்றால், இல்லை. நன்றாக இருந்ததா என்றால், ஆம். இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு முழுவதும் நான் சொல்லிக்கொண்டிருப்பது.

ஆகவே மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்பில் 'கிரான்பெர்ரி, கிடைக்காவிட்டால் களாக்காய்' என்று எழுதுங்கள். 'கிடைக்காவிட்டால்' என்ற ஒரு சொல் போதும். இரண்டு செடிகளும் தத்தம் பெயரோடு பிழைத்துக்கொள்ளும். உடல்நலக் குறிப்பில் அந்த மாற்றையும் எழுதாதீர்கள். அங்கே மாற்று இல்லை.

படிப்பவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். களாக்காய்க்கு உங்கள் ஊரில், உங்கள் மொழியில் என்ன பெயர்? பெருங்களா, சிறுகளா என்று வேறுபடுத்துவீர்களா? எந்த மாதத்தில் பழுக்கும்? வீட்டில் என்ன செய்வீர்கள்? கீழே எழுதுங்கள். கிடைத்தவற்றை ஊர்ப் பெயரோடு பட்டியலாகத் தொகுத்துப் பொதுவில் வைக்கிறேன். ஆவணங்களிலிருந்து தேடி எடுக்கும் நிலைமை வருவதற்கு முன்பே.